எட்டு மஞ்சள் கோடுகள்

“குறுக்கு வழியில் வேலை செய்ய மாட்டேன்.”

மைக்கில் நான் சொன்னேன். எதிரே வெயிலில் நின்ற மொத்த சைட்டும் வலது கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னது. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஜார்க்கண்ட் ஆட்கள் வாயசைத்தார்கள். ராய்ச்சூர்ப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரியாத மொழியை எங்களைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். இந்தியிலும் கன்னடத்திலும் உறுதிமொழி ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. தமிழில் ஒருமுறை எடுத்தது எனக்கு மரியாதை செய்வதற்காக.

அந்த மாதம் பாதுகாப்பில் சிறந்த தொழிலாளி நான்தான். தலையில் தங்க நிற ஹெல்மெட். புத்தம் புதியது, உள்ளே பிளாஸ்டிக் வாசனை அடித்தது. நெற்றிப்பட்டையைத் தளர்த்த நேரம் கொடுக்காமல் மாட்டிவிட்டிருந்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. அதிலிருந்து ஓர் எறும்பு என் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வரியைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நாலாவது மாடியில், தென்கிழக்கு மூலையில், எட்டு போல்ட்டுகளை முடுக்காமலே முடுக்கியதாகக் கோடு போட்டுவிட்டு வந்து இந்த மேடையில் நிற்கிறேன்.

அடுத்த வரி, “சக தொழிலாளியின் உயிரை என் உயிராக மதிப்பேன்.” அதையும் படித்தேன். குரல் நடுங்கிவிட்டது. ஆள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று முன்வரிசையில் கை தட்டினார்கள்.

வெல்டர் சேகர்

பெங்களூரு மர்பி டவுனில் என்னை எல்லாருக்கும் ‘வெல்டர் சேகர்’ என்றுதான் தெரியும். நான் வாழ்நாளில் வெல்டிங் செய்ததில்லை. திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருவர் அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்தார்.

கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியைக் கட்டுகிறவர்கள் வேறு. நாங்கள் இரும்பாலேயே கட்டடத்தை எழுப்புகிறவர்கள். தூண்களும் பீம்களும் பட்டறையிலேயே வெட்டி, துளை போட்டு, எண் எழுதி லாரியில் வரும். கிரேன் தூக்கிக் கொடுக்கும். மேலே இரண்டு பேர் காத்திருந்து, துளையோடு துளையைச் சேர்த்து, போல்ட்டைச் செருகி, நட்டை ஏற்றி முடுக்க வேண்டும். எழுதினால் இவ்வளவுதான். போன வாரம் இந்தத் தொடரில் உயரத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ‘உங்களுக்குப் பயமே இல்லையா’ என்று ஓசூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். பயம் உண்டு அம்மா. ஆனால் மேலே ஏறினால் பயத்துக்கு முன்னால் சிறுநீர் வந்துவிடும். இந்த வாரக் கதையே அதில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன் அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சாதாரண ஸ்பேனரால் நட்டை இறுக்குவோம். அது தற்காலிகம். அப்புறம் டார்க் ரெஞ்ச் வரும். கை நீளத்துக்கு இருக்கும், நல்ல கனம். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணை அதில் வைத்துவிட்டு இழுத்தால், சரியான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். தனியாளாகச் செய்ய முடியாது. பீமுக்கு அந்தப் பக்கம் ஒருவன் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இந்தப் பக்கம் ஒருவன் இழுக்க வேண்டும்.

‘டக்’ கேட்டதும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் போல்ட், நட்டு, தகடு மூன்றின் மேலும் சேர்த்து ஒரே கோடு. பின்னால் எப்போதாவது நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ‘இது முடிந்தது, நாங்கள் பொறுப்பு’ என்று அந்தக் கோட்டுக்கு அர்த்தம். பரிசோதிக்க வருகிறவர்கள் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நட்டைத் திருப்பிப் பார்ப்பது எப்போதாவதுதான். எங்கள் தொழிலில் பொய் சொல்ல வாய்கூட வேண்டாம், ஒரு பேனா போதும்.

ஜோடி

என் ஜோடி ஜெயராஜ். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இந்த அத்தியாயத்தை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது மச்சான். ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது” என்றான். ஜெயராஜ் ஒல்லியானவன்.

அவன் வீடு மாதா கோயில் வீடு. எங்கள் வீடு தாத்தா காலத்திலிருந்து புத்தரைக் கும்பிடும் வீடு. புது சைட்டில் முதல் தூணைத் தூக்குவதற்கு முன்னால் காண்டிராக்டர் எலுமிச்சை, குங்குமம் வைத்துப் பூஜை போடுவார். ஜெயராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அவனே தேங்காயை உடைப்பான், அவன் உடைத்தால்தான் நடுவில் பிளக்கும். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத நான் ஓரமாக நிற்பேன். தேங்காய்ச் சில்லுக்கு மட்டும் முதலில் கை நீட்டுவேன்.

நாங்கள் முதன்முதலில் சேர்ந்து ஏறியது ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை ஷெட். அப்போது பெல்ட்டும் கிடையாது, சேஃப்டி ஆபீஸரும் கிடையாது. என் இடுப்பில் ஒரு கயிறு கட்டினார்கள். மறுமுனையை எங்கே கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயராஜ் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். ஒருவன் விழுந்தால் இன்னொருவனும் விழுவான் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பலன். எங்களுக்கு அன்றைக்கு அது ரொம்பப் பாதுகாப்பாகப் பட்டது.

இப்போது நான் சொல்லும் சைட், வெளிவட்டச் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம். சில வருடங்கள் ஆகின்றன. அங்கே எல்லாம் ஒழுங்கு. காலையில் கூடி நின்று பாதுகாப்புப் பேச்சு, ஆளுக்கு இரட்டைக் கொக்கி பெல்ட், குடித்திருக்கிறோமா என்று மூச்சு ஊதிப் பரிசோதனை. போல்ட் வேலைக்கு ஜோடி ஜோடியாகக் கையெழுத்து. ஒருவன் பொய்க்கோடு போட்டால் இரண்டு பேரின் கேட் பாஸும் போகும் என்பது விதி.

அந்த மாதம் ஜெயராஜுக்கு ஒரு யோகம் அடித்திருந்தது. கம்பெனிக்குத் துபாயில் ஒரு வேலை. அதற்கு ஃபோர்மேனாக அனுப்ப இங்கிருந்து ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். இவன் பெயரைக் கொடுத்திருந்தார்கள். கடிதம் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. “ஒரு தபாவாவது கை காட்டி வேலை வாங்கணும் மச்சான். கை வலிக்க செஞ்சது போதும்” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய வலது தோள் இரண்டு வருடமாகவே சரியில்லை. அது எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

நாற்பது நிமிடம்

விழா நடந்த அன்று காலையில் நாலாவது மாடியில் எங்களுக்கு ஒரே ஒரு ஜாயிண்ட்தான் பாக்கி. தென்கிழக்கு மூலையில் தூணும் பீமும் சேரும் இடம், எட்டு போல்ட். பத்து மணிக்கு சுமா மேடம் வந்து பார்த்து டிக் போட வேண்டும். மத்தியானம் தீ தாங்கும் பூச்சு அடிக்கிறவர்கள் வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிடுவார்கள்.

சுமா குவாலிட்டி எஞ்சினியர். துமகூரு பக்கத்துப் பெண், முதல் வேலை. தமிழை எங்களிடமே கற்றுக்கொண்டவர் என்பதால் அவருடைய தமிழில் பாதி, நாங்கள் ஒருவரையொருவர் திட்டும் தமிழ். அதை அவர் மரியாதையாகப் பேசுவார்.

ஒன்பதரை மணிக்கு ஜெயராஜுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நாலாவது மாடியிலிருந்து ஏணியில் இறங்கி, சைட்டின் மறுகோடியில் தகர ஷெட்டில் இருக்கும் கழிப்பறைக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி ஏறி வர நாற்பது நிமிடம். கோடிக்கணக்கில் போட்டுக் கட்டும் கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் வரைபடம் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

நான் பீமின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். மடியில் ரெஞ்ச், சட்டைப் பையில் பேனா. ரெஞ்சுக்கு இரண்டு ஆள் வேண்டும். பேனாவுக்கு ஓர் ஆள் போதும்.

கோடு இல்லாவிட்டால் சுமா ‘பாக்கி’ என்று எழுதுவார். பூச்சு வேலை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். பதினோரு மணிக்குப் பரிசு வாங்கப் போகிற ஆளுக்குப் பத்து மணிக்கு வேலை பாக்கி என்று பேர் வரும். பெருமைதான் காரணம். வேறு காரணம் வேண்டுமென்றால் ஜெயராஜின் மூத்திரப் பையின் மேல்தான் பழி போட வேண்டும்.

எட்டுக் கோடுகளையும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல நேர்க்கோடுகள். ஜெயராஜ் வந்ததும் பத்து நிமிடத்தில் முடுக்கிவிட்டு மறுபடி கோடு போட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

சுமா வந்தார். டார்ச் அடித்தார். மஞ்சளைப் பார்த்தார். டிக் போட்டார். “ஓகே சேகரண்ணா, பரிசுக்கு ரெடி ஆகுங்க” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதற்குள் எல்லாரும் கீழே கூட வேண்டும் என்று சைரன் அடித்துவிட்டது. ஜெயராஜ் மேலே ஏறாமல் அப்படியே கூட்டத்தில் நின்றுவிட்டான். வரும்போது ரெஞ்சையும் எடுத்துவரச் சொல்லி எனக்கு ஆள் வந்தது. தோளில் சுமந்து வந்து கொடுத்தேன். மாலை போட்டார்கள், ஹெல்மெட் மாட்டினார்கள், படம் எடுத்தார்கள். எட்டு போல்ட்டும் என் மண்டையை விட்டுச் சுத்தமாகப் போய்விட்டன. உறுதிமொழி என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மாலை போட்ட ரெஞ்ச்

விழா முடிந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஜெயராஜ் என்னைத் தேடி வந்தான்.

“இன்னா மச்சான், பரிசு வாங்கினவன் மாதிரியா கீற? எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி கீற.”

“அந்த மூலை ஜாயிண்ட் முடுக்கல.”

“அதுக்கு இன்னா? போய் முடுக்கிடலாம். கோடு போடலல்ல?”

“போட்டுட்டேன்.”

அவன் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி நின்றான். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அதைக்கூடப் பார்க்கவில்லை.

“மேடம் பாத்துட்டாங்களா?”

“டிக் போட்டுட்டாங்க.”

“சரி, சத்தம் போடாத. ரெஞ்ச் எங்க?”

கையைக் காட்டினேன். மேடைக்குப் பக்கத்தில் நீள மேஜை, அதன் மேல் வெள்ளைத் துணி. அதன் நடுவில் எங்கள் டார்க் ரெஞ்ச், சுற்றிலும் சாமந்தி மாலை. பக்கத்தில் ‘நவீனக் கருவிகள்’ என்று ஓர் அட்டை. சைட்டில் இருந்த இன்னொரு ரெஞ்ச் சரிபார்ப்புக்காகப் பீனியாவுக்குப் போயிருந்தது.

சேஃப்டி ஆபீஸரிடம் போனேன். நல்ல மனிதர். எப்போதும் அவசரத்தில் இருப்பார்.

“சார், ரெஞ்ச் பத்து நிமிஷம் வேணும்.”

“இன்னிக்கு என்ன வேலை சேகர்? இன்னிக்கு நீங்க ஹீரோ.”

“ஒரு சின்ன வேலை சார்.”

“ஹெட் ஆபீஸ்ல இருந்து வீடியோ எடுக்க வராங்க. சாயந்தரம் வரைக்கும் அந்த டேபிளை யாரும் தொடக்கூடாது. சேஃப்டி வீக் முக்கியமா, வேலை முக்கியமா, நீங்களே சொல்லுங்க.”

தலையில் தங்க ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? அவர் என் கையில் இன்னொரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளை நெருங்குகிறது

சாதாரண ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேலே ஏறினோம். பூச்சு ஆட்கள் மறுமூலையில் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். முகமூடி, வெள்ளை உடுப்பு, கையில் தடித்த குழாய். அது பீறிட்ட இடமெல்லாம் இரும்பு மறைந்து வெள்ளையாகத் தடித்துக்கொண்டு வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை மாடி முழுக்கப் பரவியிருந்தது.

ஜெயராஜ் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி, கெட்ட தோளோடு, பல்லைக் கடித்து ஒவ்வொரு நட்டையும் இழுத்தான். நான் போட்ட எட்டுக் கோடும் உடைந்தன.

“போதும் மச்சான். இனிமே இது நவுறாது.”

“எவ்ளோ இறுக்கம்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். இத்தினி வருசம் பண்ணிக்கினு கீறேன், தெரியாதா?”

தெரியாது. அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குறைந்தால் மெல்ல மெல்லத் தளரும். கூடினால் போல்ட் உள்ளுக்குள்ளேயே இழுபட்டுச் சத்து போய்விடும். அந்த மூலைக்கு நேர் மேலே மொட்டை மாடியில், கட்டடத்தைக் குளிர வைக்கும் பெரிய மெஷின்கள் உட்காரப் போகின்றன. காலையிலிருந்து இரவு வரை உறுமிக்கொண்டே இருக்கும், பீமெல்லாம் விடாமல் அதிரும். நாளைக்கே எதுவும் ஆகாது. என்றைக்கு ஆகும் என்றும் யாருக்கும் தெரியாது. பூச்சு மூடிவிட்டால் அந்தக் கோட்டை அப்புறம் ஒருவரும் பார்க்க முடியாது.

“மேடம்கிட்ட சொல்லிடறேன்” என்றேன்.

ஜெயராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“லெட்டர் மேனேஜர் டேபிள் மேல கீது சேகர். கையெழுத்துதான் பாக்கி. ஷீட்ல உன் பேரும் கீது, என் பேரும் கீது.”

“நீ இல்லாதப்போ நான் பண்ணதுன்னு சொல்றேன்.”

“யார் நம்புவான்? ஒரே டப்பால சோறு தின்றவனுங்க நம்ம ரெண்டு பேரு.”

“அப்போ இன்னா பண்ணச் சொல்ற?”

“ஒன்னும் பண்ணாத. உன் கால்ல வுழறேன், ஒன்னுமே பண்ணாத.”

இத்தனை வருடங்களில் அவன் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினேன். நிஜமாகவே விட்டுவிடத்தான் நினைத்தேன்.

மனசாட்சி உறுத்தியதால் மனம் மாறினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. பூச்சு ஆட்களில் ஒருவன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. என் தங்க ஹெல்மெட்டைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றான். அவசரமாகக் கொக்கியை எடுத்து, கைக்கு எட்டிய பீமில் மாட்டினான். எங்கள் மூலை பீமில். மாட்டிவிட்டு, “நமஸ்தே சேஃப்டி சாப்” என்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

அந்த பீம் ஓர் ஆளின் கனத்துக்கு விழாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சல்யூட்டை வாங்கிக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. ஜெயராஜின் முகத்தைப் பார்க்காமல் ஏணியில் இறங்கினேன்.

டக்

சுமா கண்டெய்னர் ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சித்ரான்னம். முதல் வாய் எடுக்கும்போது நான் போய் நின்றேன். சொன்னேன்.

“நிஜமா சேகரண்ணா?”

“நிஜம் மேடம். நான் மட்டும்தான் பண்ணேன். ஜெயராஜ் அப்போ அங்க இல்ல.”

“அய்யோ, நானு டிக் ஹாக்பிட்டே…” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டிக் போட்டது அவர் கை. அவர் பேரும் அதில் இருக்கிறது. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று அவருக்கும் ஒரு நினைப்பு வந்துபோனதை நான் பார்த்தேன். நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் காலையிலிருந்து அதே நினைப்புதான்.

டப்பாவை மூடினார்.

“ரெஞ்ச் எல்லி?”

“மேஜை மேல இருக்கு மேடம். மாலை போட்டு வெச்சிருக்காங்க.”

அவர் போய் மாலையோடு சேர்த்து ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சேஃப்டி ஆபீஸர் “மேடம், வீடியோ, வீடியோ” என்று ஏணிவரை கூடவே ஓடிவந்தார். ஏணிப்படிகளில் சாமந்தி உதிர்ந்துகொண்டே வந்தது.

பூச்சை நிறுத்தச் சொன்னார். ஜெயராஜ் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். சுமாவைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் எழுந்து பீமுக்கு அந்தப் பக்கம் போய் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் இழுத்தேன். எட்டு நட்டும் இன்னும் அசைந்தன. திரும்ப முடுக்கி எட்டு ‘டக்’ வாங்கி, புதிதாக எட்டுக் கோடு போட்டோம்.

“இந்த ஃப்ளோர்ல உங்க ஜோடி போட்ட எல்லா ஜாயிண்டும் பாக்கணும்” என்றார் சுமா.

மத்தியானம் முழுக்க அதுவேதான். நான் இழுக்க, அவன் பிடிக்க, சுமா பார்க்க. ஒவ்வொரு நட்டும் கொஞ்சம்கூட அசையாமல் முதல் இழுப்பிலேயே ‘டக்’ என்றது. ஒவ்வொரு ‘டக்’குக்கும் ஜெயராஜ் மூச்சு விடுவது பீமுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது. ஒரே ஒரு தவறு, அதுவும் தானாக வந்து சொன்னது என்றால் மேனேஜர் மன்னித்தாலும் மன்னிப்பார் என்று சுமாவே சொன்னார். எங்கள் வேலை நல்ல வேலைதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூடத் திரும்பி வர ஆரம்பித்தது. அந்தப் பெருமைக்கு வெட்கமே கிடையாது.

இன்னும் மூன்று ஜாயிண்ட் பாக்கி இருக்கும்போது, வடக்குப் பக்கத்தில், ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லவில்லை. நட்டு திரும்பியது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது.

அடுத்ததும் திரும்பியது. அதற்கு அடுத்ததும். மீதி ஐந்தும் நன்றாக இருந்தன.

கீழே யாரோ மைக்கில் “ஹலோ, ஹலோ” என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது யாருது?” என்று சுமா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எந்த வாரம் போட்டது, அன்றைக்கு மழையா வெயிலா, பேனா யார் கையில் இருந்தது, சாப்பாட்டு நேரம் வந்து மூன்றை அப்படியே விட்டுவிட்டோமா, ஒன்றும் ஞாபகம் இல்லை. நாள் முழுக்க ரெஞ்சும் பேனாவும் எங்களுக்குள் கை மாறிக்கொண்டே இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பீமுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. முகம் தெரியவில்லை, ஸ்பேனர் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

“என்னுது மேடம்.”

கேட்

இரண்டு பேரின் கேட் பாஸையும் சாயங்காலமே வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் கத்தவில்லை. மேஜையில் இருந்த ஒரு காகிதத்தை எடுத்து டிராயருக்குள் போட்டார். அது எந்தக் காகிதம் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சுமாவுக்கு ஒரு மெமோ கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பல நாள் சைட் முழுக்க எல்லா ஜோடிகளின் ஜாயிண்டையும் திருப்பிப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களைப் போல வேறு சில ஜோடிகளும் வெளியே வந்தன. அவர்களில் சிலர் இன்றைக்கும் என்னைக் கண்டால் பேசுவதில்லை.

ஹெல்மெட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார் சேஃப்டி ஆபீஸர். ஆனால் என் படம் அதற்குள் அச்சுக்குப் போய்விட்டிருந்தது. ‘சேகரைப் போல் இருப்போம்’ என்று மூன்று மொழிகளில் எழுதி அந்த கேட்டிலேயே பல மாதம் தொங்கியது. எடுக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஜெயராஜ் பெல்ட் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடைசியில் நானே கேட்டேன்.

“அந்த மூணு நட்டு, நீ போட்டதா?”

“தெரியல.”

“தெரியாம எதுக்கு உன்னுதுன்னு சொன்ன? நானாக்கூட இருக்கலாமே. தெரியலன்னு சொல்லியிருந்தா லெட்டராவது தங்கியிருக்கும்.”

அவன் சாலையைப் பார்த்தான். பஸ் வருகிறதா என்று பார்ப்பவன் மாதிரி.

“என்னுது இல்லன்னு சொல்ல வாய் வரல மச்சான்” என்றான்.

பஸ் வந்தது, ஏறினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவன்தான் டிக்கெட் எடுத்தான். நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும். ஞாபகம் இல்லாததற்கும் சேர்த்துத் தலை கொடுத்தவன் அவன். அன்று மத்தியானம் முழுக்க, எங்கள் இரண்டு பேரில் உண்மை சொன்னவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இறங்க வேண்டிய அல்சூர் வரும்வரை அவன் பக்கம் திரும்ப வெட்கப்பட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.